கறுவாத்தோட்டத்து விமானத்தளம்: கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகரொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அந்நகரின் கட்டடங்களையே முதற் சான்றாகக் கொள்வர். கோட்டையும் கோயிலும் மாளிகையும் நிலைத்திருப்பதனால், அவற்றைக் கட்டியோரும் வரலாற்றில் நிலைத்துவிடுகின்றனர். கட்டடம் எதுவும் எழாத வெளிநிலங்களுக்கு அத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிட்டுகின்றது. புல்தரையில் நிகழ்ந்தது புல்லோடு மறைகின்றது. கொழும்பு கறுவாத்தோட்டத்திலே, பல்கலைக்கழக வளாகத்தின் அயலில், இன்று றக்பி விளையாட்டரங்காகப் பயன்படும் பழைய குதிரைப்பந்தயத் திடல் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். பந்தயத்தைக் கண்டுகளிக்கச் சீமான்கள் அமர்ந்த பார்வையாளர் மண்டபம் பேணப்பட்டுள்ளது. ஆனால் அத்திடல் ஒருகாலத்தில் விமானத்தளமாக இருந்தது என்பதும், இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலேயே மிக இக்கட்டான ஒரு வாரத்தில் அங்கிருந்தே விமானங்கள் எழுந்து சென்றன என்பதும், அதனருகே நாளாந்தம் நடமாடுவோருட் பலர் அறியாத செய்திகளாகவே உள்ளன.

கொழும்பில் குதிரைப்பந்தயம் பிரித்தானியர் ஆட்சியோடு வந்த பழக்கமாகும். முதலில் காலிமுகத்திடற் பகுதியிலேயே பந்தயங்கள் நடைபெற்றன. நகரம் விரிவடைந்து, கறுவாத்தோட்டம் உயர்குடியினர் வாழும் பகுதியாக மாறிவந்த காலத்தில், 1893ஆம் ஆண்டளவிலே பந்தயத்திடல் அங்கு இடம்மாற்றப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் ஆண்டுக்கொருமுறை ஆகஸ்ட் மாதத்திற் கொழும்புக்கு இறங்கி வருவதும், அவ்வாரத்துப் பந்தயங்களும், அவற்றோடு ஒட்டிய விருந்துகளும் குடியேற்றவாதச் சமூகத்தின் நாட்காட்டியில் முக்கிய இடம்பெற்றிருந்தன. காலப்போக்கில் உள்ளூர்ச் செல்வந்தரும் குதிரை உடைமையாளராயினர். மண்டபத்தில் ஒரு கூட்டம், வேலிக்கப்பால் சிறுபணம் வைத்து ஆடும் இன்னொரு கூட்டம் எனத் திடல் சமூகத்தின் படிநிலைகளைத் தெளிவாகவே காட்டிநின்றது. இவற்றை விரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். சமதரையாக்கப்பட்டு, நீர்வடிகால் அமைக்கப்பட்டு, மரமோ கட்டடமோ குறுக்கிடாது பேணப்பட்ட பெருவெளியொன்று நகரின் நடுவே அரைநூற்றாண்டுக் காலமாக ஆயத்த நிலையில் இருந்தது. குதிரைக்கு உகந்த நிலம் விமானத்துக்கும் உகந்ததாயிற்று.

1942ஆம் ஆண்டு பெப்புருவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதுவரை போரின் பின்னணியில் இருந்த இலங்கை ஒரேயடியாக முன்னணிக்கு வந்தது. மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் யப்பானியர் கைப்பற்றிய பின்னர், நேசநாடுகளுக்கு எஞ்சிய இறப்பர் உற்பத்தியிற் பெரும்பங்கு இலங்கையிலேயே இருந்தது. இந்து சமுத்திரத்தின் கப்பற்பாதைகள் கொழும்பையும் திருகோணமலையையும் நம்பியிருந்தன. மார்ச் மாதத்தில் அட்மிரல் லேற்றன் இலங்கைப் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். தேசாதிபதியின் அதிகாரத்துக்கும் மேலான அதிகாரம் அவருக்கு வழங்கப்பட்டமை நிலைமையின் நெருக்கடியைக் காட்டும்.

அப்போது கொழும்புக்கு அண்மையில் இருந்த முறையான விமானநிலையம் இரத்மலானை ஒன்றே. அது 1930களிலேயே திறக்கப்பட்டது; வரைபடங்களிற் குறிக்கப்பட்டது; எனவே எதிரி அறிந்திருந்த இலக்காகும். ஒரே தளத்தில் எல்லா விமானங்களையும் நிறுத்துவதன் ஆபத்து முன்னைய மாதங்களில் மலாயாவிலே நன்கு உணரப்பட்டிருந்தது. ஆதலின் கறுவாத்தோட்டத்துப் பந்தயத்திடல் அவசர விமானத்தளமாக மாற்றப்பட்டது. விசாலமான தளமென அதனைச் சொல்லமுடியாது. சுற்றிலும் வீடுகளும் வீதிகளும் சூழ்ந்த அவ்விடத்தில் விமானமொன்றை இறக்குவதற்கு விமானியின் திறமையும் வேண்டும், நல்லூழும் வேண்டும். ஆனால் அதன் மிகப்பெரிய சிறப்பு வேறொன்றாக இருந்தது. அது விமானத்தளம் போலத் தோன்றவில்லை. வானிலிருந்து நோக்குபவனுக்கு அது பணக்காரரின் பந்தயத்திடலாகவே தெரிந்திருக்கும்.

இத்தளத்துக்கு வந்த படைகளுள் 258ஆம் விமான அணி விதந்து கூறத்தக்கது. இவ்வணி 1942 சனவரி இறுதியிலே சிங்கப்பூர் சென்றடைந்து, அங்கிருந்து சுமாத்திராவுக்கும் பின்னர் யாவாவுக்கும் பின்வாங்கி, ஒவ்வோரிடத்திலும் விமானங்களையும் ஆட்களையும் இழந்து சிதைந்தது. தப்பி வந்த சிலரும் புதிதாகச் சேர்க்கப்பட்டோருமாக மார்ச் மாதத்தில் இலங்கையில் அது மீள அமைக்கப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் பீற்றர் பிளெச்சர் அதன் தலைவராயிருந்தார். பழையனவும் புதியனவுமான ஹரிக்கேன் சண்டை விமானங்களே அவர்களிடம் இருந்தன. அதே திடலில் 11ஆம் அணியின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களும் நிறுத்தப்பட்டிருந்தன. இரத்மலானையில் 30ஆம் அணியும், திருகோணமலைச் சீனன்குடாவில் 261ஆம் அணியும் இருந்தன.

ஏப்ரல் 4ஆந் திகதி மாலை, கொக்கலவிலிருந்து சென்ற கற்றலினாக் கடல்விமானமொன்று இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கடற்படை அணியைக் கண்டது. அதனைச் செலுத்திய கனடிய விமானி லெனாட் பேர்ச்சல் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டு யப்பானியரின் கைதியானார். வந்துகொண்டிருந்தது அட்மிரல் நகுமோவின் தலைமையிலான ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களைக் கொண்ட பெரும்படை. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியவரும் இவரே. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையோ, எதிர்பார்த்த நாளிற் பகைவர் வராமையால், எரிபொருளும் நீரும் நிரப்புவதற்காக மாலைதீவின் அட்டுத் தீவுக்குச் சென்றிருந்தது. கொழும்பைக் காக்கும் பொறுப்பு விமானங்கள் மீதே விழுந்தது. அன்றிரவே துறைமுகத்தில் இருந்த கப்பல்களிற் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்டன.

மறுநாள், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. பகைவர் வரவு முன்னரே தெரிந்திருந்தும் பாதுகாப்புப் படையினர் அன்று காலை எதிர்பாராத வேளையிலேயே அகப்பட்டனர் என்பது வியப்புக்குரியது. கொழும்புக் கோல்ப் மைதானத்தில் நிறுவப்பட்டிருந்த றேடார் நிலையத்திலிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அதற்கான காரணம் குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. துரைமார் பந்தாடிய இடத்தில் றேடாரும், பந்தயம் பார்த்த இடத்தில் விமானமுமாக, ஆளும் வர்க்கத்தின் ஓய்வுநிலங்களே அன்று தலைநகரின் அரணாயின. காலை 7.30 மணியளவில் யப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே தோன்றிய பின்னரே விமானிகள் தத்தம் விமானங்களை நோக்கி ஓடினர். 36 சீரோ சண்டை விமானங்களும் 91 குண்டுவீச்சு விமானங்களுமாக 127 விமானங்கள் புச்சிடாவின் தலைமையில் வந்திருந்தன.

பந்தயத்திடலிலிருந்து 14 ஹரிக்கேன்கள் மேலெழுந்தன. யப்பானியர் இரத்மலானையை அறிந்திருந்தனர். அதனைத் தாக்கவும் செய்தனர். பந்தயத்திடலை அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆகவே 258ஆம் அணியினர் தரையில் தாக்கப்படாமல் உயர்ந்து, துறைமுகத்தின் மீது குண்டுவீசிக்கொண்டிருந்த விமானங்களை நெருங்கமுடிந்தது. பந்தயத்திடலின் வரலாற்றுப் பெருமையாகப் பின்னர் பேசப்படுவது இதுவேயாகும்.

எனினும் இப்பெருமையை ஆராயாது ஏற்பது முறையாகாது. எதிரியைத் திகைக்கவைத்து விரட்டியடித்த மறைவிடம் என இத்திடல் சில எழுத்துக்களிற் சித்திரிக்கப்படுவதுண்டு. இழப்புக் கணக்கோ அதற்கு இசைவாக இல்லை. மேலெழுந்த 14 விமானங்களுள் 9 வீழ்த்தப்பட்டன. இரத்மலானையிலிருந்து சென்ற இருபதுக்கு மேற்பட்ட ஹரிக்கேன்களுள் 8 இழக்கப்பட்டன. திருகோணமலையிலிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் ஒன்றும் எஞ்சாது அழிக்கப்பட்டன. யப்பானியர் இழந்தவை ஏழு விமானங்கள் மட்டுமே. அக்காலத்தில் வெளியிடப்பட்ட அறிவிப்புகள் பகைவரின் இழப்பைப் பன்மடங்கு கூட்டியே கூறின. வான்போரிற் சூடுபட்டுப் புகைந்து செல்லும் விமானமெல்லாம் வீழ்ந்ததாக விமானிகள் நம்புவது இயல்பு. மக்களின் மனவுறுதியைக் காக்கவேண்டிய அரசாங்கம் அந்நம்பிக்கையைத் திருத்த முற்படாததும் இயல்பே. துறைமுகத்தில் ஹெக்ரர், ரெனடோஸ் ஆகிய கப்பல்கள் மூழ்கின. அன்று பிற்பகல் திறந்த கடலிலே டோசெற்சயர், கோண்வோல் எனும் குரூசர்கள் இரண்டும் தாக்கப்பட்டு 424 பேர் மாண்டனர். நகுமோவின் படை இலங்கையிற் கால்வைக்கும் நோக்கோடு வந்ததுமன்று. கிழக்குக் கடற்படையைத் துறைமுகத்திலே வைத்து அழிப்பதே அதன் குறிக்கோள். அக்கடற்படை துறைமுகத்தில் இல்லாமையினாலேயே அக்குறிக்கோள் நிறைவேறவில்லை. விமானிகளின் துணிவை இக்கூற்றுக் குறைத்துவிடாது. வெற்றி நிச்சயமெனக் கருதிச் சென்றவரின் துணிவிலும், தோல்வியே பெரிதும் எதிர்பார்க்கத்தக்கதாயிருந்தும் சென்றவரின் துணிவு பெரிது.

இத்திடலின் போர்க்காலப் பங்களிப்பில் உண்மையில் மிக முக்கியமானதெனக் கொள்ளத்தக்கது நான்கு நாட்களின் பின் நிகழ்ந்தது. ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானியர் திருகோணமலையைத் தாக்கினர். ஹேர்மிஸ் எனும் விமானந் தாங்கிக் கப்பல் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று 11ஆம் அணியின் பிளென்ஹைம் விமானங்கள் ஒன்பது நகுமோவின் கப்பல்களைக் கண்டடைந்து, தலைமைக் கப்பலான அக்காகி மீது குண்டுகளை வீசின. முன்னறிவிப்பு எதுவுமின்றிக் குண்டுகள் கடலில் வெடித்த பின்னரே யப்பானியர் தாம் தாக்கப்படுவதை உணர்ந்தனர். குண்டுகள் இலக்கிற் படவில்லை. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை. ஆயினும் பேர்ள் துறைமுகம் முதல் எவராலும் நெருங்கப்படாதிருந்த அக்கப்பற்படை நேரடியாகத் தாக்கப்பட்டது அதுவே முதல் முறை. விமானங்கள் தளத்தில் ஆயுதம் மாற்றிக்கொண்டிருக்கும் வேளையில் திடீரெனத் தாக்கப்படும் ஆபத்தை அது அவர்களுக்குக் காட்டியிருக்கவேண்டும். அப்பாடத்தை அவர்கள் கற்கவில்லை என்பது அடுத்த யூன் மாதத்தில் மிட்வே போரிலே தெரியவந்தது. அக்காகி அங்கேயே அழிந்தது. பந்தயத்திடலைப் பற்றிப் பேசுவோர் ஹரிக்கேன்களையே நினைவுகூருகின்றனர். நகர மக்களின் கண்முன்னே நிகழ்ந்த போர் நினைவில் நின்றது. தொலைவிற் கடலில் நிகழ்ந்தது மறக்கப்பட்டது.

போரின் சுமை விமானிகளோடு முடியவில்லை. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பொதுமக்கள் 80க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டுகள் விழுந்தன. அதனைத் தொடர்ந்த நாட்களிலே கொழும்பை விட்டு மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். துறைமுகத் தொழிலாளர், வீட்டுவேலையாட்கள், சிறுவணிகர் எனப் பலர் இந்தியாவுக்கும் தத்தம் ஊர்களுக்கும் புறப்பட்டனர். கப்பல்களில் இருந்த சரக்கை இறக்குவதற்கு ஆளில்லாத நிலை தோன்றிற்று. ஒலிவர் குணதிலக்க சிவில் பாதுகாப்பு ஆணையாளராகவும், பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராயிருந்த ஐவர் ஜெனிங்ஸ் பிரதி ஆணையாளராகவும் அக்காலத்திற் கடமையாற்றினர். தேர்ஸ்டன் வீதியில், விமானத்தளத்தின் அயலிலேயே இயங்கிய அக்கல்லூரி, தாக்குதல் நிகழ்ந்து மூன்று மாதங்கள் நிறைவெய்துமுன், 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. இந்நாட்டின் உயர்கல்வி வரலாற்றை எழுதியோர் அத்திகதியைத் தவறாது குறிப்பிடுவர். அப்பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் மதிலுக்கப்பால் இருந்தது ஒரு போர்த்தளம் என்பதும் அத்திகதியோடு சேர்த்துக் குறிக்கத்தக்கதே.

போர் முடிவுற்றபின் விமானங்கள் அகன்றன; குதிரைகள் மீண்டன. போருக்கு முன்னிருந்த வாழ்வு இடையறவின்றித் தொடர்வது போன்றதொரு தோற்றத்தை அது அளித்திருக்கலாம். ஆனால் அவ்வாழ்வுக்கு ஆதாரமான ஆட்சியே 1948இல் அகன்றது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கக் காலத்தில் கொழும்பிற் குதிரைப்பந்தயம் நிறுத்தப்பட்டது. சூதாட்டம் ஏழைக் குடும்பங்களைச் சீரழிக்கின்றது என்ற ஒழுக்கவாதமும், பந்தயம் அந்நியப் பண்பாட்டின் எச்சம் என்ற எண்ணமும் அன்றைய சூழலில் ஒன்றுசேர்ந்திருந்தன. யப்பானியரின் குண்டுகளாலும் ஓயாத பந்தயம் வாக்குகளால் ஓய்ந்தது.

அதன்பின் அரைநூற்றாண்டுக் காலம் திடலுக்கு நிலையான பயன் எதுவும் இருக்கவில்லை. பார்வையாளர் மண்டபம் பழுதுற்றது. அரச தேவைகளுக்கும் அவ்வப்போதைய விளையாட்டுக்களுக்கும் வெளி பயன்பட்டது. அயலில் தேசிய சுவடிகள் திணைக்களம் அமைந்தது. நாட்டின் ஆவணங்களெல்லாம் பேணப்படும் இடத்துக்கு மிக அண்மையில், தன் வரலாற்றைத் தானே சொல்லமாட்டாத நிலமொன்று கிடந்தது.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்ததன் பின்னர் கொழும்பை அழகுபடுத்தும் திட்டங்கள் தொடங்கின. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. படையினரின் உழைப்பு இத்திட்டங்களிற் பெருமளவு பயன்படுத்தப்பட்டது. 2011, 2012ஆம் ஆண்டுகளிற் பந்தயத்திடல் புதுப்பிக்கப்பட்டு, சர்வதேசத் தரத்திலான றக்பி மைதானமும் இருக்கைகளும் கொண்ட விளையாட்டரங்காயிற்று. பார்வையாளர் மண்டபம் செப்பனிடப்பட்டு அங்காடிகளும் உணவகங்களும் இடம்பெறும் இடமாக மாறியது. பாடசாலை அணிகளும் கழகங்களும் தேசிய அணியும் அங்கு ஆடின. பழுதடைந்து கிடந்த இடம் மீண்டும் மக்கள் கூடும் இடமானது வரவேற்கத்தக்கதே. விளையாட்டரங்கு கூடாதென்றோ, பழைய தளத்தை அப்படியே விட்டிருக்கவேண்டுமென்றோ வாதிடுவதற்கில்லை. ஆனால் மீட்கப்பட்டது எது என்ற வினா எழுகின்றது. செப்பனிடுவோரின் கவனத்துக்குரியதாயிருந்தது மண்டபம். அதன் வளைவுகளும் தூண்களும் குடியேற்றவாதக் காலத்தின் எழிலாகக் கொண்டாடப்பட்டன. ஹரிக்கேன்கள் ஓடிய நிலத்துக்குத் தூணுமில்லை, வளைவுமில்லை. மறைந்திருப்பதே தன் வலிமையாகக் கொண்ட தளமொன்று, பிற்காலத்தவருக்கும் மறைந்தே போயிற்று. நூறு பந்தயக் கிண்ணங்களிலும் அவ்வொரு வாரம் இந்நாட்டின் வரலாற்றுக்கு நெருக்கமானது என்பதை மறுப்பார் அரிது.

போர்க்காலத்தில் இலங்கையில் எழுந்த விமானத்தளங்கள் பல. அவற்றின் பிற்காலம் ஒருபடித்தாய் இருக்கவில்லை. சீனன்குடா விமானப்படைத் தளமாகத் தொடர்ந்தது. கொக்கல சிறு விமானநிலையமாயிற்று. யாழ்ப்பாணத்துப் பலாலியும் அதே போரின் தேவைக்காக அமைக்கப்பட்டதேயாகும். ஆனால் கறுவாத்தோட்டத்து நிலம் போர் முடிந்ததும் படையினரிடமிருந்து விடுபட்டது. பலாலியிலோ அடுத்த போரொன்று வந்தபோது தளம் சுற்றுப்புறக் கிராமங்களுக்குள் விரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் செம்மண் தோட்டங்களும் வீடுகளும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 2009இன் பின்னரும் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 1942இன் அவசரத்தில் நிலத்தின் மீது இடப்பட்ட கோடுகளுள் சில ஓரிரு ஆண்டுகளில் அழிந்தன. சில மூன்று தலைமுறைகளின் வாழ்வை நிர்ணயித்தன. தலைநகரின் செல்வந்தர் பகுதியில் இருந்த தளம் எளிதில் விளையாட்டரங்காக முடிந்தமைக்கும், தோட்டக்காரரின் நிலத்தில் இருந்த தளம் அவ்வாறு முடியாமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தனித்தே ஆராயவேண்டும்.

258ஆம் அணியிலும் 11ஆம் அணியிலும் மாண்டோருட் பலர் இருபது வயதை அடுத்த இளைஞர். பிரித்தானியாவிலிருந்து மட்டுமன்றிப் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். போரில் மாண்ட நேசநாட்டுப் படையினரின் கல்லறைகள் கொழும்பு லிவரமெந்து மயானத்தில் உள்ளன. தென்னாசியாவிலும் கிழக்காசியாவிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் பறந்து, கல்லறை காணாது மறைந்த பொதுநலவாய விமானப்படையினரின் பெயர்களோ சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்துச் சுவர்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. 258ஆம் அணி 1942இன் தொடக்கத்தில் எந்த நகரைக் காக்கமுடியாது பின்வாங்கிற்றோ, அந்நகர் அதுவே.